வெனிஸில் எந்தக் கரையில் தங்குவது?

ஐரோப்பா டூர் பேக்கேஜ்களில் வெனிஸுக்குக் கிடைப்பது பெரும்பாலும் அரை நாள்தான். காலையில் த்ரொங்கெட்டோ என்ற செயற்கைத் தீவில் பஸ் வந்து நிற்கும். அங்கிருந்து தனிப் படகு. சான் மார்க்கோ சதுக்கத்தில் இறக்கி, பேராலயத்தை வெளியே நின்று காட்டி, பெருமூச்சுப் பாலத்தின் முன்னால் படம் எடுக்கவைத்து, ஒரு கண்ணாடிக் கடைக்குள் அழைத்துப்போய், அரைமணி நேரம் கொண்டோலாவில் உட்காரவைத்து, மாலைக்குள் திரும்பப் படகேற்றிவிடுவார்கள். ராத்திரிச் சாப்பாடும் படுக்கையும் நிலப்பக்கத்து மேஸ்த்ரேயிலோ பதுவாவிலோ. லட்சக்கணக்கில் செலவழித்துப் போய்வந்தவர்கள், "கூட்டமோ கூட்டம், நாலு படகு, அவ்வளவுதான்" என்று அலுத்துக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. அவர்களுக்குக் காட்டப்பட்டது அவ்வளவுதான்.

வெனிஸ் ராத்திரி தங்கிப் பார்க்கவேண்டிய ஊர். ஆண்டுக்கு இரண்டு கோடிப் பேருக்கு மேல் வருகிறார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பகலில் வந்து பகலிலேயே போகிறவர்கள். காலை பத்து மணி முதல் மாலை ஐந்து மணி வரை ஊர் அவர்களுடையது. அதன்பிறகு ரயிலும் பஸ்ஸும் அவர்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். சதுக்கங்களில் பிள்ளைகள் பந்து விளையாட வருவார்கள், பாட்டிமார் பெஞ்சுகளில் வந்து உட்காருவார்கள். காலையிலும் அப்படித்தான். எட்டு மணிக்கு முன்னால் ரியால்தோ பாலத்தின் மேல் ஏறி நின்றால், காய்கறியும் பீர்ப் பெட்டியும் ஹோட்டல் சலவைத் துணி மூட்டையும் ஏற்றிய சரக்குப் படகுகள் கீழே வரிசையாகப் போவதைப் பார்க்கலாம். லாரி இல்லாத ஊரில் அரிசி மூட்டை முதல் வாஷிங் மெஷின் வரை எல்லாம் தண்ணீர் வழியாகத்தான் வீடு சேரவேண்டும். அந்த இரண்டு நேரங்களும் ஊருக்குள் தூங்கியவர்களுக்குத்தான் வாய்க்கும்.

அந்நியர் எங்கே தூங்குவது என்பது இந்த ஊருக்குப் பழைய கவலை. மிளகும் பட்டும் கைமாறிய காலத்தில் வெனிஸ் குடியரசு அதை அரசாங்க விஷயமாகவே நடத்தியது. ஜெர்மன் வணிகர்கள் ரியால்தோ பாலத்தடியில் தங்களுக்கென ஒதுக்கிய ஃபோந்தாகோ என்ற பெரிய கட்டடத்தில்தான் தங்கவேண்டும். சரக்கையும் அங்கேதான் இறக்கி விற்கவேண்டும். 13ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிய ஏற்பாடு அது. 1505இல் தீயில் எரிந்துபோன கட்டடத்தை அரசே மூன்று ஆண்டுகளில் திரும்பக் கட்டிக்கொடுத்தது. 1621இல் துருக்கிய வணிகர்களுக்கு ஊரின் பெரிய கால்வாயான கிராண்ட் கனால் கரையில் இன்னொரு மாளிகை. இப்போது அது இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். 1516இல் யூதர்களைக் கன்னரேஜோ பகுதியில் ஒரு தீவுக்குள் ஒதுக்கி, ராத்திரியானால் கதவைப் பூட்டிக் காவலும் போட்டார்கள். கெட்டோ என்று உலகம் முழுவதும் வழங்கும் சொல்லே அந்தத் தீவின் பெயரிலிருந்து வந்ததுதான். 1797இல் நெப்போலியனின் படை வந்தபோதுதான் அந்தக் கதவுகள் பெயர்த்தெறியப்பட்டன. வருகிறவர்களை ஊரே தேர்ந்து தங்கவைத்த காலம் போய், வருகிறவர்கள் ஊரைத் தேர்ந்துகொள்ளும் காலம் இப்போது. அந்தத் தேர்வு எத்தனை பாரமானது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் பெட்டியை எங்கே வைப்பது என்று பார்க்கலாம்.

வரைபடத்தில் வெனிஸ் மேற்கே தலைவைத்துக் கிடக்கும் மீன். தலைப்பக்கம் ரயில் நிலையமும், கார்களும் பஸ்களும் நின்றுவிடும் பியாத்சாலே ரோமாவும். 1846இல் போட்ட ரயில் பாலமும் 1933இல் அதன் பக்கத்தில் போட்ட சாலைப் பாலமும்தான் ஊரை நிலத்தோடு சேர்க்கின்றன. வயிற்றுப்பக்கம் சான் மார்க்கோ, வால் கிழக்கே காஸ்தெல்லோ. நடுவில் தலைகீழ் எஸ் வடிவத்தில் கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிராண்ட் கனால் வளைந்து ஓடுகிறது. அதைக் கடக்க நான்கே பாலங்கள். மற்றச் சின்னக் கால்வாய்களின் மேல் 400க்கும் மேற்பட்ட பாலங்கள் இருக்கின்றன. அவற்றில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் படிக்கட்டு உண்டு. வெனிஸில் விடுதி தேடும்போது முதலில் மனதில் வைக்கவேண்டியது இந்தப் படிக்கட்டுதான். அறையின் அழகு, காலைச் சாப்பாடு, ஜன்னல் காட்சி எல்லாம் அப்புறம்.

ஹோட்டல் இணையதளத்தில் "ரயில் நிலையத்திலிருந்து 600 மீட்டர்" என்று போட்டிருக்கும். வேறெந்த ஊரிலும் அது எட்டு நிமிட நடை. இங்கே வழியில் ஐந்து பாலம் இருந்தால், இருபத்து மூன்று கிலோ பெட்டியை ஐந்து முறை தூக்கி ஏற்றி ஐந்து முறை இறக்கவேண்டும். கூட ஒரு தூங்கும் குழந்தையோ முட்டிவலிக்கார அம்மாவோ இருந்துவிட்டால் அந்த 600 மீட்டருக்கு ஒரு மணி நேரமும் ஆகலாம். முகவரியை நம்பி வழி கேட்கவும் முடியாது. ஊர் ஆறு பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது: சான் மார்க்கோ, காஸ்தெல்லோ, கன்னரேஜோ, தோர்சொதூரோ, சான் போலோ, சாந்தா க்ரோச்சே. ஒவ்வொரு பகுதியிலும் வீட்டு எண்கள் தெருவுக்குத் தெரு தொடங்குவதில்லை. ஒன்றில் ஆரம்பித்துப் பகுதி முழுக்க ஆயிரக்கணக்கில் ஓடிக்கொண்டே போகும். "காஸ்தெல்லோ" என்ற பெயரும் நாலு இலக்க எண்ணும் கையில் இருந்தால், பக்கத்துச் சந்தில் இருப்பவருக்கே இடம் தெரியாமல் போகலாம். ஆகவே அறை பிடிக்கும்போதே வபொரெட்டோவின் எந்தத் துறை பக்கம், அங்கிருந்து எத்தனை பாலம் என்பதைக் கேட்டுக்கொள்ளவேண்டும். வபொரெட்டோ என்பது அந்த ஊரின் டவுன்பஸ் போன்ற பயணிகள் படகு. துறையிலிருந்து பாலமே ஏறாமல் போகக்கூடிய விடுதிகள் நிறைய உண்டு. எந்தெந்தப் பகுதிக்குப் பாலம் ஏறாமல் போகலாம் என்று காட்டும் வரைபடத்தை நகராட்சியே வெளியிட்டிருக்கிறது. சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்காகச் செய்தது. பெட்டியோடு வருகிறவர்களுக்கும் அதுவே வழிகாட்டி.

வபொரெட்டோவுக்கு 75 நிமிட டிக்கெட் 9.50 யூரோ. நாலு பேர் குடும்பம் ரெண்டு தடவை ஏறி இறங்கினால் நல்ல சாப்பாட்டுக் காசு போய்விடும். 24 மணி நேரப் பாஸ் 25 யூரோ, 72 மணி நேரம் என்றால் 45 யூரோ. மூன்று நாள் தங்கினால் பாஸ் வாங்குவதே முறை. மேஸ்த்ரே பஸ்ஸிலும் டிராமிலும் அதே பாஸ் செல்லும், விமான நிலைய பஸ்ஸில் செல்லாது.

சான் மார்க்கோ பகுதியில் தங்கலாமா? என்னைக் கேட்டால் வேண்டாம். சதுக்கத்துக்கு அருகில் என்ற ஒரே காரணத்துக்காக அங்கே காசைக் கொட்டுகிறோம். 14ஆம் நூற்றாண்டு தந்தோலோ மாளிகையில் 1822இல் தொடங்கிய தானியெல்லி போன்ற பெரிய ஹோட்டல்களின் பெருமையை மறுக்கவில்லை. ஆனால் சதுக்கத்தைச் சுற்றிய சந்துகளில் குடியிருப்போர் மிகக் குறைவு. முகமூடிக் கடையும் கைப்பைக் கடையும்தான் நிறைய. பகல் முழுக்க வாசலில் கூட்டம் நெரியும். ஊரிலேயே தாழ்ந்த இடமும் சதுக்கம்தான். இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் கடல்மட்டம் சற்று உயர்ந்தாலே முதலில் அங்கேதான் தண்ணீர் வரும்.

வெள்ளம் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு விளக்கம். 1966 நவம்பர் 4 அன்று தண்ணீர் 194 சென்டிமீட்டர் உயர்ந்தது. 2019 நவம்பர் 12இல் 187. அந்த இரண்டும் ஊரை உலுக்கிய வெள்ளங்கள். ஊரைச் சூழ்ந்த கடற்கழியின் மூன்று வாய்களிலும் கடலடியில் 78 கதவுகள் பொருத்திய மோஸே தடுப்பு 2020 அக்டோபர் 3 அன்று முதன்முறையாக உண்மையான உயர்நீருக்கு எதிராக எழுப்பப்பட்டது. பொதுவாக 110 சென்டிமீட்டருக்கு மேல் வரும் என்று கணித்தால் கதவுகளை எழுப்புகிறார்கள். அதற்குக் கீழே இருந்தால் எழுப்புவதில்லை; சான் மார்க்கோ சதுக்கம் அந்த அளவுக்கு முன்பே நனைந்துவிடும். மற்றப் பகுதிகளில் தங்குபவருக்கு இப்போது பெரிய கவலை இல்லை. தரைத்தள அறையை மட்டும் அக்டோபர் முதல் ஜனவரி வரை தவிர்க்கலாம்.

என் முதல் தேர்வு மீனின் வால். காஸ்தெல்லோவின் கிழக்குப் பாதி. சான் மார்க்கோவிலிருந்து நீர்க்கரையோரமாக நடந்தால் இருபது நிமிடத்துக்குள் வியா கரிபால்தி வந்துவிடும். நெப்போலியன் காலத்தில் ஒரு கால்வாயைத் தூர்த்துப் போட்ட தெரு, ஆகவே வெனிஸுக்குப் பொருந்தாத அகலம். மீன்கடை, ரொட்டிக்கடை, இரும்புச் சாமான் கடை, தெருவின் கடைசியில் படகிலேயே காய்கறி விற்கும் கடை என்று வசிக்கிறவர்களுக்கு வேண்டியதெல்லாம் அங்கே இருக்கின்றன. மாடிக்கு மாடி கயிறு கட்டித் துணி காயும். பக்கத்தில் குடியரசின் கப்பல்களைக் கட்டிய அர்செனாலே. அதைத் தாண்டி 1895இல் தொடங்கிய பியன்னாலே கலைக்கண்காட்சி நடக்கும் தோட்டங்கள். அந்தத் தோட்டங்களின் நிழல் வெயில் காலத்தில் பெரிய ஆறுதல், ஏனென்றால் வெனிஸில் மரம் அபூர்வம். கண்காட்சி திறக்கும் வாரத்தில் மட்டும் இங்கே அறை கிடைப்பது கஷ்டம், வாடகையும் ஏறிவிடும்.

அடுத்தது கன்னரேஜோவின் வடகரை. ரயில் நிலையத்திலிருந்து ரியால்தோ வரை ஓடும் பெரிய கடைத்தெரு வழியாகத்தான் எல்லாரும் போவார்கள். அதை விட்டு இரண்டு கால்வாய் வடக்கே தள்ளினால் மிசெரிகோர்தியா, ஓர்மெசீனி என்று நேர்நேரான கரைகள். மாலை வெயில் விழும் பக்கமாக ஊர்க்காரர்கள் கிளாஸோடு வந்து உட்காருவார்கள். பழைய கெட்டோவும் அங்கேதான். நிலையம் அருகில், பாலங்கள் குறைவு, விமான நிலையப் படகு நிற்கும் ஃபொந்தமெந்தே நோவே துறை ஒரு பக்கம். முரானோ, புரானோ தீவுகளுக்கும் அந்தத் துறையிலிருந்து படகு உண்டு. முதன்முறை போகும் குடும்பத்துக்கு இதைவிட வசதியான பகுதி இல்லை. சமைத்துச் சாப்பிட நினைப்பவர்களுக்கு அந்தப் பெரிய கடைத்தெருவில் ஒரு சூப்பர்மார்க்கெட் இருக்கிறது. தியாத்ரோ இத்தாலியா என்ற பழைய சினிமா தியேட்டர் அது. சுவரோவியமும் மேல்தள அலங்காரமும் அப்படியே இருக்க, கீழே பாலும் தக்காளியும் அடுக்கியிருக்கிறார்கள்.

கன்னரேஜோவின் ரியால்தோ முனையில் மலிப்ரான் நாடக அரங்கத்தின் பின்னால் கோர்த்தே தெல் மில்லியோன் என்ற முற்றம் இருக்கிறது. மார்கோ போலோ குடும்பத்தின் வீடு இருந்த இடம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரையில் இறங்கி, காயல் துறைமுகத்தையும் முத்துக்குளிப்பையும் எழுதிவைத்தவர் அவர். தாமிரபரணி முகத்துவாரத்தில் மண்ணுக்குள் போன அந்தக் காயலைப் பற்றி இன்றும் ஆய்வாளர்கள் அவரைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். தமிழர் எவரும் அந்த முற்றத்தில் ஐந்து நிமிடம் நிற்காமல் வரக்கூடாது என்பது என் கட்சி.

தோர்சொதூரோ படிக்கிறவர்களின் பகுதி. அக்காதெமியா ஓவியக்கூடமும் கா ஃபோஸ்கரி பல்கலைக்கழகமும் இங்கே. காம்போ சாந்தா மார்கெரிதாவைப் பார்த்த அறை கிடைக்கிறதென்று சந்தோஷப்படாதீர்கள். மாணவர் கூட்டத்தில் நள்ளிரவு தாண்டியும் தூக்கம் வராது. தெற்கே சாத்தெரே கரை முழுவதும் வெயில் விழும், நீண்ட நடைபாதை. அங்கே அல்லது அதற்குப் பின்னால் உள்ள சந்துகளில் பாருங்கள். அக்டோபர் கடைசியில் நடக்கும் மாரத்தானுக்காக அந்தக் கரையோரப் பாலங்களின் மேல் சரிவுப் பலகை போடுவார்கள். ஓட்டம் முடிந்த பிறகும் சில மாதங்கள் அப்படியே விட்டுவைப்பது வழக்கம். படி ஏற முடியாத பெரியவர்களை அழைத்துப்போக அதுவே நல்ல பருவம்.

சான் போலோவும் சாந்தா க்ரோச்சேயும் ஒட்டிக்கிடப்பவை. ரியால்தோ சந்தையையும் தித்சியானோவின் பெரிய பலிபீட ஓவியம் உள்ள ஃபிராரி ஆலயத்தையும் நடந்தே பார்க்கலாம். சந்தைக்குப் போகிறவர்கள் ஞாயிறும் திங்களும் மீன் கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். சான் ஜாக்கமோ தல்லோரியோ சதுக்கத்தைச் சுற்றி அறை கிடைத்தால் விடாதீர்கள். மரங்கள் உண்டு, பள்ளி விட்டதும் பிள்ளைகளின் கூச்சல் உண்டு, பியாத்சாலே ரோமாவுக்கும் கிட்டம்.

எதிர்க்கரை ஜூதெக்கா தீவிலிருந்து பார்த்தால்தான் வெனிஸ் முழுதாகத் தெரியும். வாடகையும் பெரும்பாலும் குறைவு. எங்கே போகவும் படகு வேண்டும் என்பது ஒன்றுதான் குறை. ஜூலை மூன்றாவது வாரக் கடைசியில் ரெதென்தோரே திருவிழாவுக்குத் தண்ணீரின் மேல் மிதவைப் பாலம் போட்டு இரு கரையையும் இணைப்பார்கள். லிடோ இன்னும் தள்ளி. கார் ஓடும், கடற்கரை உண்டு, சமதரையில் பெட்டியை உருட்டிக்கொண்டே விடுதிக்குப் போகலாம். கோடையில் சின்னக் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நல்ல இடம். ஆகஸ்ட் இறுதியில் திரைப்பட விழா வரும்போது அந்தப் பக்கமே போகவேண்டாம்.

மேஸ்த்ரேயைக் குறைசொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது நியாயமில்லை. நிலப்பக்கத்து ஊர். அறை வாடகை கணிசமாகக் குறைவு, ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வெனிஸ். வங்காளதேசத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் நிறைய. நிலையத்துக்கு எதிரே வியா பியாவே பக்கம் அரிசியும் மசாலாவும் ஹலால் கறியும் கிடைக்கும். ஐந்தாறு பேர் குடும்பத்துக்கு இது பெரிய மிச்சம். காசுக்கு அப்படி நெருக்கடி என்றால் மேஸ்த்ரே நிலையத்திலிருந்து நடை தூரத்தில் தங்குங்கள். ஆனால் ஹோட்டல் பெயரில் "வெனிஸ்" என்றிருப்பதை நம்பி மார்கேரா தொழிற்பேட்டைப் பக்கமோ, விமான நிலையத்தை ஒட்டிய தெஸ்ஸேராவிலோ மாட்டிக்கொள்ளாதீர்கள். முடிந்தால் மூன்று ராத்திரிகளை இரண்டாகக் குறைத்தாவது தண்ணீருக்குள்ளேயே தங்குங்கள் என்பேன். மூன்று நாள் மேஸ்த்ரேயைவிட இரண்டு நாள் காஸ்தெல்லோ மேல். ஜனவரி 6ஆம் தேதிப் பண்டிகை முடிந்து கார்னிவல் தொடங்கும்வரை உள்ள வாரங்களில், பனிமூட்டத்தைப் பொறுத்துக்கொண்டால், தீவுக்குள்ளேயே கட்டுப்படியான வாடகைக்கு அறை கிடைக்கும்.

பகலில் மட்டும் வந்துபோகிறவர்களிடம் 2024 ஏப்ரல் 25 முதல், குறிப்பிட்ட நாட்களில், ஊர் நுழைவுக் கட்டணம் வாங்குகிறது. 5 யூரோ. 2025இல் கடைசி நேரத்தில் பதிவுசெய்தவர்களுக்கு 10 ஆக்கினார்கள். வெனிஸ் நகராட்சி எல்லைக்குள் ராத்திரி தங்குகிறவர்களுக்கு விலக்கு; மேஸ்த்ரேயும் லிடோவும் அதில் சேர்த்தி. விலக்குக்கான பதிவை மட்டும் முன்கூட்டியே இணையத்தில் செய்துகொள்ளவேண்டும். பதுவாவில் தங்கிவிட்டு வருகிற சுற்றுலாப் பயணிக்கு விலக்கில்லை. தங்குபவர்கள் வேறு விதத்தில் கொடுக்கிறார்கள்: தலைக்கு, ராத்திரிக்கு இவ்வளவு என்று தங்கும் வரி, தொடர்ந்து ஐந்து ராத்திரி வரை. பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கிடையாது. அறை வாடகையில் சேராமல் விடுதியிலேயே கேட்பது வழக்கம் என்பதால் கொஞ்சம் ரொக்கம் வைத்திருங்கள்.

பாரம் என்று சொன்னேன் அல்லவா, அதற்கு வருகிறேன். 1951இல் இந்தத் தீவுகளில் ஏறத்தாழ 1,75,000 பேர் வசித்தார்கள். 2022இல் அது 50,000க்கும் கீழே இறங்கியது. ரியால்தோவுக்கு அருகே சான் பார்த்தொலொமேயோ சதுக்கத்தில் ஒரு மருந்துக்கடை ஜன்னலில் 2008 முதல் மின் எண்பலகை ஒன்று இருக்கிறது. மிச்சமிருக்கும் குடிமக்களின் எண்ணிக்கையை அது காட்டுகிறது. 2023இல் சாந்தா மார்கெரிதாவில் ஒரு புத்தகக்கடை ஜன்னலில் இன்னொரு பலகை வந்தது. அதில் சுற்றுலாப் பயணிகளுக்கான படுக்கைகளின் கணக்கு. அந்த ஆண்டே படுக்கை எண்ணிக்கை மனித எண்ணிக்கையைத் தாண்டியது. ஒரு வீட்டை ஆசிரியருக்கோ படகோட்டிக்கோ மாத வாடகைக்கு விடுவதைவிட நமக்கு நாள் வாடகைக்கு விட்டால் லாபம் அதிகம். வீடு வாடகைக்குக் கிடைக்காதவர் மேஸ்த்ரேக்குப் போகிறார். அவர் பிள்ளை போன பிறகு பள்ளியில் ஒரு வகுப்பு மூடப்படுகிறது, ரொட்டிக்கடை முகமூடிக் கடையாகிறது. எந்த வாழ்க்கையைப் பார்க்க நாம் தீவுக்குள் தூங்க ஆசைப்படுகிறோமோ, அதை நம்முடைய படுக்கையே வெளியேற்றக்கூடும். இதைத் தெரிந்துகொண்டுதான் அறை பிடிக்கவேண்டும்.

அதனால் வெனிஸுக்குப் போகவேண்டாம் என்று சொல்லமாட்டேன். நாளெல்லாம் நின்று, அங்கேயே சாப்பிட்டு, சந்தையில் வாங்கி, ராத்திரி தங்குகிறவரால் ஊருக்கு வரும்படி உண்டு. நாலு மணி நேரம் நின்று குப்பையை மட்டும் விட்டுப் போகிறவரால் அது இல்லை. முழு வீட்டை எடுப்பதற்குப் பதில் சின்ன விடுதியைப் பாருங்கள். ஒரே குடும்பம் நடத்துகிற லொக்காந்தாக்கள், சொந்த வீட்டிலேயே இரண்டு அறை விடுகிறவர்கள், பழைய மடங்களில் துறவியர் நடத்தும் விருந்தினர் அறைகள் இன்னும் இருக்கின்றன. மடத்து அறையில் ஆடம்பரம் இராது, ராத்திரி கதவடைக்கும் நேரமும் இருக்கலாம். சுத்தமும் அமைதியும் நிச்சயம். சமையலறை தேவைப்பட்டு வீடுதான் எடுக்கிறீர்கள் என்றால், 2025 ஜனவரி 1 முதல் இத்தாலி முழுவதும் கட்டாயமாகியிருக்கும் தேசியப் பதிவு எண் விளம்பரத்தில் இருக்கிறதா பாருங்கள். அந்த எண் இல்லாத வீடு வரிக்கணக்கில் இல்லாத வீடாக இருக்கலாம். குப்பையை ராத்திரி வாசலில் வைக்காதீர்கள். காலையில் தள்ளுவண்டியோடு ஆள் வருவார், அவரிடம் கொடுங்கள்.

காசு கட்டும் முன் விடுதிக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். எந்தத் துறையில் இறங்கவேண்டும், அங்கிருந்து எத்தனை பாலம், அறை எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா? ஐநூறு ஆண்டு பழைய கட்டடங்களில் லிஃப்ட் இல்லாதது சகஜம். மூன்றாம் மாடிக்குச் செங்குத்தான படி ஏறவேண்டியிருக்கும். ஜன்னல் கால்வாயைப் பார்த்ததா உள்முற்றத்தைப் பார்த்ததா என்றும் கேளுங்கள். கால்வாய்ப் பக்கம் அழகு, ஆனால் விடியற்காலையிலேயே சரக்குப் படகின் இன்ஜின் எழுப்பிவிடும். தூக்கம் முக்கியம் என்றால் முற்றத்து அறை. பதில் எப்படி வருகிறது என்று கவனியுங்கள். "வரைபட இணைப்பைப் பாருங்கள்" என்று ஒரு வரியில் வந்தால் வேறு இடம் தேடலாம். இறங்கியதும் ரொட்டிக்கடைப் பக்கம் திரும்புங்கள், முதல் பாலத்தை விட்டு இரண்டாவதில் ஏறுங்கள், அப்பாவுக்கு முட்டிவலி என்றால் கீழ்மாடி அறையை ஒதுக்கிவைக்கிறேன் என்று யாராவது எழுதினால், அந்த அறையைப் பிடித்துவிடுங்கள்.